சுவிட்சர்லாந்தில் ஒரு கருமாதி

அத்தியாயம் 6

வசந்தா கைப்பையைக் கவிழ்த்தபோது நகையோ நோட்டுக்கட்டோ விழும் என்றுதான் கலைவாணி எதிர்பார்த்தாள். விழுந்தவை காலண்டர் தாள்கள். தினம் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டரின் நாலு மாதத்துத் தேதிகள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாக இருந்தன.

"கல்யாண விசாரணைக்கு வர்றவங்க ஜாதகம் கொண்டு வருவாங்க. நீங்க பஞ்சாங்கத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க," என்றாள் கலைவாணி.

வசந்தா சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, முதலியார்பேட்டை. வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதிரே விஜயராகவன் ஒரு கொட்டாவியை அடக்கப் பார்த்துத் தோற்றார். மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

மிஷன் வீதியில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற, ஊரார் சொல்தா என்று கூப்பிடுகிற ஒரு பழைய சிப்பாயின் வீட்டு மாடியில் இருந்தது விஜயராகவன் துப்பறியும் நிலையம். ஐம்பத்தேழு வயது விஜயராகவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொடுத்தே பேர் வாங்கியவர். கலைவாணி அவருக்கு ஒன்பது வருஷமாக உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர். வாய்க்கொழுப்புக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. ஒரு வருஷமாகவே சாருக்கு எதிலும் பிடிப்பில்லை என்பதை அவள் கவனித்துத்தான் இருந்தாள். கேஸ் வந்தாலும் அலுப்பு, வராவிட்டாலும் அலுப்பு. கேட்டால் வயசு என்பார்.

"சொல்லுங்கம்மா," என்றார் விஜயராகவன்.

"எங்க வூட்டுக்காரரு பேரு கோவிந்தசாமி. மில்லுல இருந்தாரு. செட்டில்மெண்ட்டு குடுத்து அனுப்பிட்டாங்க. போஸ்டாபீஸ்ல போடுன்னு ஒன்றரை லட்சத்த என் கைல குடுத்தாரு. நான் போஸ்டாபீஸ்ல போடல."

"எங்க போட்டீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

எடல் கோல்டு என்று பேர். சுவிட்சர்லாந்துக் கம்பெனி, தங்கத்தில் வியாபாரம், இன்டர்நெட்டிலேயே கணக்கு, தினமும் வட்டி. பிப்ரவரியில் போட்டாள். முதல் இரண்டு மாசம் கையிலேயே காசு வந்தது. அப்புறம் 'எடுக்காமல் விட்டால் இரட்டை வட்டி' என்றார்கள், விட்டாள். நாலு மாதமாகத் தினமும் சாயந்திரம் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய், திரையில் தெரிகிற தொகையை அன்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வந்தாள். இப்போது அங்கே நாலு லட்சத்துச் சொச்சம் தெரிந்தது. அதை எடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. விடுவிப்புக் கட்டணம் இருபத்திரண்டாயிரம். இன்று பேங்க் மூடுவதற்குள் ஏ. ஜெயம் என்ற பேரில் உள்ள கணக்கில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எல்லாம் ரத்து.

வசந்தா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். மூன்று பவுன் செயின்.

"அடகுக் கடைக்குப் போற வழிலதான் வந்தேன். அடுத்த வூட்டு அமிர்தவல்லி போன மாசமே இதே மாரி கட்டுச்சு, இன்னும் வரல. அதான் கட்டறதுக்கு முன்னாடி ஒருவாட்டி விசாரிச்சுடலாம்னு. அந்தக் கம்பெனிக்கு இங்க கிளை இருக்குதா சார்?"

"உங்க பணத்தை உங்களுக்குக் குடுக்கறதுக்கு உங்ககிட்டயே பணம் கேட்டா, அங்க பணம் இல்லன்னு அர்த்தம்," என்றார் விஜயராகவன். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "யாரு உங்களை இதுல சேத்து விட்டது?"

"நெடுமாறன் அண்ணன். அடுத்த தெரு. கெவருமெண்ட்டு ஆபீஸ்ல வேலை. பாவம், அவரு பணமும் அதுலதான் கெடக்குது. ஜூன் மாசம் ஏதோ பாதுகாப்புக்காக கம்ப்யூட்டர்ல பாக்கற விலாசம் மாறிடுச்சுன்னு அவருதான் வூடு வூடா வந்து புதுசு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

விஜயராகவன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, கலைவாணி தாள்களைச் சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல மேசையில் பரப்பிக்கொண்டிருந்தாள். துப்பறியும் நிலையத்துக்கு வருவதற்கு முன் நாலு வருஷம் பிரவுசிங் சென்டர் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள். கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், சனி ஞாயிறு வட்டி ஏறல."

"மார்க்கெட் லீவு," என்றாள் வசந்தா, மனப்பாடமாக.

"சரி. ஆகஸ்ட் பதினஞ்சும் ஏறல. சுவிட்சர்லாந்துலயும் கொடி ஏத்தி மிட்டாய் குடுத்திருப்பாங்கன்னு வெச்சுக்குவோம். பதினாறாந்தேதியும் ஏறலியே சார்."

விஜயராகவனின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது.

ஆகஸ்ட் பதினாறு இந்த ஊருக்கு மட்டும் விடுமுறை. இங்கிலீஷ்காரன் போன பிறகும் ஊரை விட்டுப் போகாத பிரெஞ்சுக்காரன், இந்த மண்ணைச் சட்டப்படி எழுதிக்கொடுத்த நாள் அது. எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம் போய்விட்டால் அன்று பள்ளிக்கூடமே உண்டு.

"தினமும் யாரோ கையால மாத்தறாங்க," என்றார் அவர். "அந்த ஆள் இங்கதான் இருக்கார். கடை கண்ணியா இருந்தா சனிக்கிழமை வேலை இருக்கும். சனி ஞாயிறு லீவு, பதினாறும் லீவுன்னா, கவர்மெண்ட் ஆபீஸ்."

"பெரிய க்ளூ சார். இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா கவர்மெண்ட் ஸ்டாஃப் மேலதான் விழணும்."

அவள் கை மறுபடி தாள்களைத் தள்ளியது. செப்டம்பரில் ஒரு இடத்தில் நின்றது. நாலாம் தேதி செவ்வாயிலிருந்து வெள்ளி வரை தொகை ஒரு ரூபாய்கூட நகரவில்லை. நாலும் வேலை நாள். அதற்கப்புறம் ஒழுங்காக ஏறி, பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை மறுபடி ஒரே ஒரு நாள் நின்றிருந்தது. கலைவாணி விரல் விட்டு எண்ணினாள். ஒருமுறை எண்ணியது போதாமல் இன்னொரு முறையும் எண்ணினாள்.

"நாலாந்தேதில இருந்து பதினாறாவது நாள் பத்தொன்பது. சுவிட்சர்லாந்துல யாருக்கோ கருமாதி சார்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். வசந்தாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நாலாந்தேதி நான் சாவுக்குப் போயிருந்தேன்," என்றாள் வசந்தா மெதுவாக. "வந்து தலைக்கு ஊத்திக்கினு அப்புறந்தான் சென்டருக்குப் போனேன். அன்னிக்கு ஏறல. நல்லா ஞாபகம் இருக்குது."

"யார் வீட்டுச் சாவு?"

அவள் செயினைக் கைக்குட்டையில் சுற்றினாள், பிரித்தாள்.

"நெடுமாறன் அண்ணனோட அம்மா. ஆனா அது இல்ல சார். அவரு அப்படிப்பட்டவரு இல்ல. எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரத்தம் குடுத்தாரு."

"அந்தம்மா பேரு என்ன?"

"தயிர்க்காரம்மான்னுதான் கூப்புடுவோம். பேரு யாருக்குத் தெரியும்?"

விஜயராகவன் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "நாங்க வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. அடகுக் கடைக்குப் போகாதீங்க."

"மூணு மணி வரைக்கும் இருக்கேன் சார். மூணரைக்குப் பேங்க்ல பணம் கட்டறத நிறுத்திடுவாங்க."

முதலியார்பேட்டையில் அந்தத் தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இந்த ஊரில் பிறந்தநாளுக்கும் பேனர், காதுகுத்துக்கும் பேனர், சாவுக்கும் பேனர். கருமாதி முடிந்து ஒரு வாரம் ஆகியும் மின்கம்பத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. நடுவில் ஒரு கிழவி, அதட்டிப் போட்டோ எடுத்தது போல முறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் கை கூப்பியிருந்தார்கள். கலைவாணி ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள்.

'திருமதி ஜெயம் அம்மாள்.'

பேனரில் ஜெயம் அம்மாளின் கணவர் பேரும் இருந்தது. ஏழுமலை.

"ஏ. ஜெயம். செத்தவங்க கணக்குல பணம் கட்டச் சொல்லியிருக்கான்," என்றாள் கலைவாணி. "என்ன ஜென்மம் சார் இவன்லாம்?"

பின்சீட்டிலிருந்த விஜயராகவன் பேனரில் கை கூப்பி நின்ற மகனைப் பார்த்தபடி இருந்தார். "கண்டுபிடிச்சிட்டோம்னு எனக்குச் சந்தோஷமே வரல கலை. வண்டியை எடு."

தெருவில் விசாரித்ததில், நெடுமாறன் வேலை செய்யும் அலுவலகம் கடற்கரைப் பக்கத்தில் இருந்தது. பெரிய மஞ்சள் கட்டிடம், உயரமான ஜன்னல்கள், உள்ளே ஃபைல் நாற்றம். கேன்டீனில் அவன் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். துக்கத்துக்கு மொட்டை அடித்த தலையில் முடி அரும்பு விட்டிருந்தது. ஏமாற்றுக்காரன் என்றால் கையில் மோதிரமாவது இருக்கும் என்று கலைவாணி தேடினாள். காலர் கிழிந்து தைத்த சட்டையைத்தான் பார்த்தாள்.

விஜயராகவன் அவன் எதிரில் உட்கார்ந்தார். பேர் சொல்லவில்லை, எதற்கு வந்தோம் என்றும் சொல்லவில்லை. செப்டம்பர் பத்தொன்பது என்ற தாளை எடுத்து டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துப் பின்பக்கம் திருப்பினார். வசந்தாவின் கோணல் கையெழுத்தில் தொகை. அதற்குக் கீழே 'இன்னிக்கு ஏறல'.

நெடுமாறன் தாளைக் கையில் எடுத்தான்.

"வசந்தா எழுத்து," என்றான். "அன்னிக்கு அம்மாவுக்குப் பிண்டம் வெக்கறப்பகூட எனக்கு இதான் சார் நெனப்பு. நான் சேத்து விட்ட இருபத்திமூணு பேரும் போய் திரையைப் பாப்பாங்களே, ஏறலன்னு கவலைப்படுவாங்களேன்னு."

மறுப்பான், ஓடுவான், சட்டம் பேசுவான் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் கலைவாணி வந்திருந்தாள். அவன் தானாகவே சொல்லிக்கொண்டு போனான்.

நிஜமான எடல் கோல்டு ஜூனிலேயே காணாமல் போய்விட்டது. ஒரு நாள் காலை பக்கம் திறக்கவில்லை. அவன் பி.எஃப். லோன் எடுத்துப் போட்ட பணமும் அதில்தான் இருந்தது.

"வசந்தாதான் மொதல்ல போன் பண்ணுச்சு. சர்வர் ரிப்பேர், நாளைக்கு வந்துடும்னேன். அது அழுதுது சார். புருஷனுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்னுச்சு. என்கிட்ட பழைய பக்கத்தோட காப்பி இருந்துது. இலவசமா இடம் குடுக்கற வெப்சைட் ஒண்ணுல அதப் போட்டேன். ஒரு வாரத்துக்குத்தான்னு நெனைச்சேன். வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. தினமும் காலைல இங்க வந்ததும் மொத வேலையா இருபத்திமூணு பேருக்கும் ஏத்தி விட்டுட்டு, அப்புறந்தான் ஃபைலைத் தொடுவேன்."

"கவர்மெண்ட் ஆபீஸ்ல இவ்வளவு சிரத்தையா வேலை பாக்கறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் கலைவாணி. விளையாட்டாகச் சொல்ல நினைத்தாள். வெளியே வந்தபோது கசப்பாகத்தான் இருந்தது.

"இருபத்திரண்டாயிரம்?" என்றார் விஜயராகவன்.

"எடுக்கணும்னு கேக்க ஆரம்பிச்சாங்க சார். என்ன பண்ணுவேன்? பெரிய தொகையாச் சொன்னா யாராலயும் முடியாது, கொஞ்ச நாள் பேசாம இருப்பாங்கன்னு நெனைச்சேன். கணக்கு நம்பர் இல்லாம மெயில் போட்டா சந்தேகப்படுவாங்க. அதான் அம்மாவோட கணக்கு. எட்டு பேரு கட்டிட்டாங்க. அமிர்தவல்லி மாட்டை வித்துட்டுக் கட்டுச்சு. வேணாம்னு நான் எப்படி சார் சொல்லுவேன்?"

"அந்தப் பணம் எங்க?"

நெடுமாறன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பிரிண்ட் அவுட்டை எடுத்தான். முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நிஜக் கம்பெனியே ஆகஸ்ட்ல என்னைத் தேடி மெயில் போட்டுட்டாங்க சார். என் கீழ உள்ள மொத்தப் பேருக்கும் பணத்த விடறோம், அதுக்கு வரி கட்டணும்னு. அந்த எட்டு பேரு பணத்தையும் அவங்களுக்கே அனுப்பிட்டேன். ஒரு ரூவா நான் தொடல. இன்னும் ஒரே ஒரு தவணைதான். இன்னிக்கு வசந்தா கட்டிட்டா முடிஞ்சுடும். எல்லாருக்கும் வந்துடும்."

திருடனைப் பிடிக்க வந்து, ஏமாந்தவர் பட்டியலில் இருபத்திநாலாவது ஆளைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

விஜயராகவன் அந்தக் காகிதத்தைப் படித்தார். வழக்கமாக எதையும் மேலோட்டமாகப் பார்ப்பவர், இதை வரி வரியாகப் படித்தார்.

"இதான் கடைசித் தவணைன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"போன மெயில்லயும் போட்டிருந்துதா?"

நெடுமாறன் டீ கிளாசைப் பார்த்தான்.

"அதுக்கு முந்தின மெயில்ல?"

"போட்டிருந்துது," என்றான் அவன். தெம்பு போய்விட்டது.

"மேல போய் அந்தப் பக்கத்தை அழிச்சுடுங்க. மெயிலையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைல எங்க ஆபீசுக்கு வாங்க. ஸ்டேஷனுக்கு நான் கூட வரேன்," என்றார் விஜயராகவன். "இருபத்திமூணு பேருக்கும் நீங்களே உங்க வாயால சொல்லணும். இன்னொருத்தர் சொல்லி அவங்க கேக்கக் கூடாது."

அவர்கள் திரும்பி வந்தபோது மணி இரண்டே முக்கால். வசந்தா விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கலைவாணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஜூனிலேயே கம்பெனி ஓடிப்போனது, திரையில் ஏறியதெல்லாம் நெடுமாறன் தட்டிய வெறும் எண்கள், கட்டிய பணமும் போன வழியே போனது. எல்லாவற்றையும் வசந்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அப்ப அந்தக் கடைசித் தவணைதான் பாக்கி. அத நாம கட்டிட்டா எல்லாருக்கும் வந்துடும் இல்ல?"

"அக்கா, நான் சொன்னது எதுவும் காதுல விழலியா?" என்றாள் கலைவாணி.

"விழுந்துது. நெடுமாறன் அண்ணன் திருடல. பாத்தியா, நான்தான் சொன்னேனே. கம்பெனி நெசமா மெயில் போட்டிருக்குது. மூணரைக்குள்ள போயிடறேன்."

"அந்த மெயிலும் பொய்."

"ஒருவேள நெசமா இருந்தா? கட்டாம விட்டு எல்லாம் போச்சுன்னா எங்க வூட்டுக்காரருக்கு நீ பதில் சொல்லுவியா? எஞ்செயினு, எம் பணம். நீங்க யாரு தடுக்கறதுக்கு?"

அவள் கதவுக்குப் போய்விட்டாள். கலைவாணி விஜயராகவனைப் பார்த்தாள். ஏதாவது சட்டம் சொல்வார், போலீஸ் என்று பயமுறுத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"நானும் கட்டினேன்மா," என்றார்.

வசந்தா திரும்பினாள்.

"போன வருஷம். இது இல்ல, ஹாங்காங்னு இன்னொண்ணு. மூணரை லட்சம். கடைசித் தவணைன்னு மூணு தடவை கட்டினேன். மூணாவது தடவை பேங்க்ல நிக்கறப்ப எனக்கே தெரியும், வராதுன்னு. ஊரை ஏமாத்தறவனைப் பிடிக்கறதுதானே என் பொழப்பு. இருந்தாலும் கட்டினேன். கட்டலன்னா, போனது போச்சுன்னு அன்னிக்கே ஒத்துக்கணும். அதுக்கு எனக்குத் தைரியம் வரல. அந்தத் தைரியம் இல்லாததுக்குத்தான் அவங்க காசு வாங்கறாங்க."

கீழே சொல்தா வீட்டு ரேடியோவில் யாரோ பிரெஞ்சில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷமாக இவரைத் தெரியும் என்று நினைத்திருந்தவள் கலைவாணி. வயசு, வயசு என்று இந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா? தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் தான் அடித்திருக்கக்கூடிய ஜோக்குகளை நினைத்தபோது அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பியது.

வசந்தா வந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. மணி மூன்று ஆனது. மூன்றரையும் ஆனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, தேற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

அழுது முடித்ததும் கைக்குட்டையிலிருந்து செயினை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"வூட்டம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. நிர்மலா அந்தப் பணம் பேங்க்லதான் இருக்குன்னு நெனைச்சிட்டிருக்கா."

"எங்க வூட்டுக்காரருக்கும் தெரியாது. இன்னிக்குச் சொல்லிடறேன். கத்துவாரு, ரெண்டு நாளு சோறு திங்க மாட்டாரு. பரவால்ல." அவள் காலண்டர் தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டுக் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

"அதத்தாம்மா ஒரு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிச்சது போதும் சார். நீங்க போன் பண்ணுங்க. நான் கேட்டுட்டு அப்புறமா எறங்கறேன்."

கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். கண் சிவந்திருந்தது, ஆனால் நகர்வதாக இல்லை. கலைவாணி டெலிபோனை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். விஜயராகவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே மடக்கியவருக்கு அன்று தப்பிக்க ஒரு வழியும் கிடைக்கவில்லை. ரிசீவரை எடுத்தார். சொந்த வீட்டு நம்பரையே ஒருமுறை தப்பாகச் சுழற்றிவிட்டு, மறுபடி சுழற்றினார்.

"நிர்மலா, நான்தான். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்லதானே இருக்க? எங்கயும் போயிடாத. வந்து ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் ரிசீவரை வைத்த பிறகுதான் வசந்தா படி இறங்கினாள்.